ஸ்காபரோ வாசமும் காப்புறுதிப் பத்திரமும்

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பாகமாகிய ஸ்காபரோவில் கால் வைக்கும் யாழ்ப்பாணத்தவர், தாம் அந்நிய நாட்டில் நிற்பதாக எளிதில் உணரார். தமிழிற் பெயர் தீட்டிய கடைகள், அவற்றினுள்ளே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும், பேருந்தின் பின்னாசனத்தில் நம்மூர்ப் பேச்சு. தெற்கே ஒன்ராறியோ ஏரிக்கரையிற் செங்குத்தாக எழுந்து நிற்கும் குன்றுகளின்மேல் நின்று நோக்கினால் அக்கரை கண்ணுக்கு எட்டாது. காங்கேசன்துறைக் கடலைப் பார்ப்பது போன்ற மயக்கம் உண்டாகும். ஆவணி விடுமுறையில் உறவினர் இல்லத்திற் சில வாரம் தங்கிய நாமும் அம்மயக்கத்திற்கு ஆளானோம்.

அம்மயக்கத்தைத் தெளிவிக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே ஆஸ்பத்திரி வாசல். நம் நாட்டில் அரசினர் வைத்தியசாலைக்குச் செல்பவரிடம் பணம் எவ்வளவு என்று எவரும் வினவுவதில்லை. கனடாவிலும் அந்நாட்டு வாசிகள் வைத்தியருக்குப் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. 1962ஆம் ஆண்டிற் சஸ்காச்சுவான் மாகாணத்தில் தொடங்கிய அரசினர் வைத்தியக் காப்புறுதி பின்னர் நாடெங்கும் பரவிற்று. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் அதனை உறுதிப்படுத்திற்று. ஆயின், அச்சட்டமே விருந்தினராய் வருவோரை மாகாண வாசிகள் என்ற வரம்புக்குப் புறத்தே நிறுத்தியுள்ளது. பிள்ளையின் வீட்டில் ஆண்டுக்கணக்காகத் தங்கினும், பெற்றோர் சட்டத்தின் கண்ணில் விருந்தினரே.

இக்காரணம் பற்றியே, பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்கும் வழங்கப்படும் சுப்பர் விசாவுக்குக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமான இவ்விசாவில் வருவோர் முன்னர் ஒருமுறைக்கு இரண்டு ஆண்டுகள் தங்கலாம். 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் ஐந்து ஆண்டுகள் தங்கலாம். காப்புறுதி குறைந்தது 1,00,000 கனடிய டொலருக்கு இருத்தல் வேண்டும். நுழையும் நாள் தொட்டு ஓராண்டுக்கேனும் செல்லுபடியாக வேண்டும். வைத்தியச் செலவு, ஆஸ்பத்திரி வாசம், தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் ஆகிய மூன்றையும் அடக்க வேண்டும். 2025 ஜனவரி 28 முதல், கனடிய அதிகாரிகளின் அனுமதி பெற்ற பிறநாட்டுக் கம்பனிகளின் பத்திரங்களும் ஏற்கப்படுகின்றன.

அங்குள்ள பெரிய அங்காடி மண்டபம் ஒன்றின் வாங்கிலில் நம்மூர்ப் பெரியவர் ஒருவரோடு உரையாட நேர்ந்தது. காப்புறுதி பற்றி வினவினோம்.

"அதெல்லாம் மகன் கொம்பியூட்டரிலை செய்து தந்தவர், தம்பி. என்ன எழுதிக்கிடக்கெண்டு எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

"ஐயாவுக்குச் சீனி வருத்தம் ஏதும் உண்டோ?"

"இருக்குத்தான். போன வருஷம் நெஞ்சுக்கும் ஒரு குளிசை கூட்டினவை. பிள்ளை பயப்பிடும் எண்டு சொல்லேல்லை."

இச்சிறு விடையில் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. காப்புறுதி வாங்குபவர் மகன். நோயைத் தாங்குபவர் தந்தை. வினாக்களுக்கு விடை எழுதும் கை, மருந்துச் சீட்டைக் கண்டதில்லை. பிள்ளை கலங்கக் கூடாது என்று பெற்றோர் மறைக்கின்றனர். செலவு கூடிவிட்டது என்று பெற்றோர் வருந்தக் கூடாது என்று பிள்ளை மலிவான பத்திரத்தைத் தேடுகின்றான். இருபுறமும் அன்புதான். ஆயினும் நோய் வந்த நாளில் கம்பனி அன்பை நோக்காது. ஊரிலுள்ள வைத்தியரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, எழுதிய விடையோடு ஒப்பிட்டு நோக்கும். வேறுபாடு காணின் பணம் மறுக்கப்படலாம். அப்பொழுது அந்த 1,00,000 டொலர் வெறும் எழுத்தாகிவிடும்; கடன் மகனின் தலைமேல் விழும்.

ஆதலால், ஒரு பத்திரத்தை மதிப்பிடுகையில் முதலில் நோக்க வேண்டியது விலையன்று, ஏற்கெனவே உள்ள நோயைப் பற்றிய வாசகமே. சில பத்திரங்கள் அத்தகைய நோயை முற்றாக விலக்கும். சில, புறப்படுமுன் 90 அல்லது 180 நாள்கள் போன்ற ஒரு காலத்துக்கு நோய் மாற்றமின்றி நிலைத்திருந்தால் மாத்திரம் ஏற்கும். மருந்தின் அளவைக் கூட்டுதல் மட்டுமன்றிக் குறைத்தலும் பல ஒப்பந்தங்களில் மாற்றமாகவே கொள்ளப்படும். இதற்கு அஞ்சி வேண்டிய மருந்தை ஒத்திப்போடுதல் பேதைமை. பயண நாளை ஒத்திப்போடுதலே அறிவுடைமை.

அடுத்து நோக்க வேண்டியது, செலவில் முதற்பங்கு எவ்வளவு நம்மைச் சாரும் என்பது. அத்தொகையைக் கூட்டினால் கட்டணம் குறையும். ஆனால் அதனைக் கையிலிருந்து செலுத்தும் வலிமை குடும்பத்துக்கு உண்டா என்று எண்ணுதல் தகும். இத்தகைய காப்புறுதி பெரும்பாலும் அவசர நோய்க்கும் விபத்துக்கும் உரியது. மாதந்தோறும் விழுங்கும் குளிசைக்கு உதவாது. விசா மறுக்கப்பட்டாலோ, இடையில் ஊர் திரும்பினாலோ பணம் மீளுமா என்பதையும் கேட்டறிக. முதலாண்டு முடிந்து பத்திரத்தைப் புதுப்பிக்கையில் வயதும் ஒன்று கூடியிருக்கும், நோயின் நிலையும் மீண்டும் வினவப்படலாம் என்பதை நெடுங்காலம் தங்குவோர் நினைவிற் கொள்க.

திருப்பி அனுப்புதல் என்ற சொல்லை நம் குடும்பங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை. அமங்கலம் என்று ஒதுக்குவர். கடும் நோயாளியை ஊர் சேர்ப்பதும், அங்கே உயிர் பிரிந்தால் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவருவதும் அச்சொல்லில் அடங்கும். எத்தொகை வரை என்று கேட்டு எழுதி வைத்தல் முதியோரின் மனத்துக்கு ஆறுதலே அளிக்கும்.

புறப்பட எண்ணும் பெற்றோரே, விண்ணப்பத்தைத் தொடங்குமுன் உங்கள் மருந்துப் பையை மேசைமேற் கொட்டுங்கள். ஒவ்வொரு குளிசையின் பெயரையும், தொடங்கிய திகதியையும், கடைசியாக அளவு மாற்றிய நாளையும் தொலைபேசியில் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகளே, கேட்டதை அப்படியே எழுதுங்கள். கட்டணம் சற்றுக் கூடும்; ஆனால் மாரிகாலப் பனியில் தந்தை வழுக்கி விழும் நாளிலோ, நள்ளிரவில் தாயின் நெஞ்சு நோகும் வேளையிலோ, ஆஸ்பத்திரி வாசலில் எவரும் தயங்கி நிற்க நேராது.