சுவாமிமலையில் நின்று வானத்தைப் பார்த்தோம்

திருகோணமலைக்குச் செல்வோர் துறைமுகத்தைப் பார்ப்பர், கோணேசரைத் தரிசிப்பர், கன்னியா வெந்நீரூற்றில் நீராடித் திரும்புவர். இம்மூன்றும் காணத் தக்கனவே. ஆயினும், இந்நகரத்துக்கும் வானநூலுக்கும் உள்ள தொடர்பை அறிந்து செல்வோருக்கு இங்கே நான்காவது காட்சி ஒன்றும் உண்டு. அதனையே நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையைப் பிரிந்து, கந்தளாயைக் கடந்து வரும் புகைவண்டி நம்மை நகரத்தில் இறக்கிவிடுகிறது. ஒரு பக்கம் மலைகள் அரண் செய்யும் உட்துறைமுகம்; மறுபக்கம் வங்கக் கடல். இவ்விரண்டுக்கும் இடையே கடலுள் நீட்டிய முனையில் பிரெட்றிக் கோட்டை அமைந்திருக்கிறது. கோட்டை வாயிலைக் கடந்தால் புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்வதைக் காணலாம். அப்பால் ஏறினால் சுவாமிமலை. திருஞானசம்பந்தர் பாடிய இத்தலத்தின் பழங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். எஞ்சியவற்றுட் பல கடலின் அடியிற் கிடந்தன.

அக்கடலடியில் 1956ஆம் ஆண்டு மூழ்கிப் பார்த்தவர்களுள் ஒருவர் ஆதர் சி. கிளார்க். பூமியைச் சுற்றும் செய்தித்தொடர்புத் துணைக்கோள்கள் பற்றி 1945ஆம் ஆண்டிலேயே எழுதிய ஆசிரியர் அவர். பூமத்தியரேகைக்கு நேர்மேலே, சாய்வு சிறிதுமின்றி, பூமியோடு ஒத்த வேகத்தில் ஒரு துணைக்கோள் சுற்றுமாயின், அது வானில் ஓரிடத்தில் அசையாது நிற்பதுபோல் தோன்றும் என்பது அவர் விளக்கிய கருத்து. பாதை சற்றே சாய்ந்துவிட்டால் அது நாள்தோறும் வடக்கும் தெற்குமாக ஊசலாடும். சாய்வு என்பது வானநூலில் எத்துணைப் பெரிய சொல் என்பதை இது ஒன்றே காட்டும்.

இந்நகரத்தின் வானநூல் வரலாறு அதற்கும் முற்பட்டது. 1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் தேதி முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் தழுவிச் சென்றது. அதனை ஆராயப் பிரித்தானிய அரசாங்கம் அனுப்பிய குழுவினருள் ஹென்றி மோஸ்லி என்பவர் திருகோணமலையில் தங்கி, நிறமாலைக் கருவி கொண்டு கிரகணத்தை அவதானித்தார். பின்னர் சாலஞ்சர் கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றிவந்த இயற்கை ஆராய்ச்சியாளரும் இவரே. இவருடைய புதல்வர் மோஸ்லி, நிறமாலையைக் கொண்டே அணு எண்ணின் உண்மையைக் கண்டு, 1915ஆம் ஆண்டு கலிப்போலிப் போர்க்களத்தில் இளம் வயதில் உயிர் நீத்தார்.

அதன் பின் 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி காலை, கங்கண கிரகணத்தின் பாதை திருகோணமலை மீது விழுந்தது. ஒன்பதரை மணியளவில் கதிரவன் நடுவே கருமையும் சுற்றிலும் பொன்வளையமுமாக நின்றான். இத்தகைய வேளையில் மரநிழலைக் குனிந்து நோக்கினால், இலைகளின் இடுக்குவழி விழும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் ஒரு சிறு வளையமாகவே இருக்கும். கண்ணுக்குத் தீங்கில்லாமல் கிரகணம் பார்க்க இதனினும் எளிய வழி இல்லை.

ஆனால் டிசம்பர் 26 இக்கரைக்கு இலேசான நாள் அன்று. 2004ஆம் ஆண்டு அதே நாளில், ஏறக்குறைய அதே காலை வேளையில், ஆழிப்பேரலை இக்கரையில் ஏறியது. டச்சுக்குடாவில் வலை திருத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்டோம். சற்று நேரம் வலையையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"சந்திரன் மறைக்கிற நேரத்தை நிமிசக் கணக்கிலை முன்னுக்கே சொல்லிப்போட்டினம், ஐயா. கடல் வாறதை ஒருத்தரும் சொல்லேல்லையே."

அவருக்கு மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. இந்துமா சமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு அந்த அழிவுக்குப் பின்னரே உருவாயிற்று. நிலத்தின் அடியில் நிகழ்வதை முன்னறிய மனிதனுக்கு இன்னும் முடியவில்லை. வானத்தில் நிகழ்வதையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே கணித்துவிடுகிறான். வானம் அளவிற்கு அடங்குவது. அவ்வளவுகளுள் தலையாயது சாய்வு.

சந்திரனின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. அச்சாய்வு இல்லையாயின் ஒவ்வோர் அமாவாசையும் சூரிய கிரகணமாகும். சாய்ந்திருப்பதனாலேயே, இரு தளங்களும் வெட்டும் புள்ளிகளின் அருகே அமாவாசை நேரும்போது மாத்திரம் கிரகணம் உண்டாகிறது. அப்புள்ளிகளையே நம் பஞ்சாங்கம் இராகு கேது என்கிறது.

சந்திரன் அருகிலுள்ளது, அதன் பாதையைக் கண்ணாற் கண்டே அளக்கலாம். வெறும் ஒளிப்புள்ளியாய்த் தோன்றும் தொலைதூர விண்மீனை ஒரு கோள் எவ்வாறு சாய்ந்து சுற்றுகிறது என்பதை அறிவது எங்ஙனம்? இங்கும் துணை செய்வது கிரகணமும் நிறமாலையுமே. விண்மீன் தன்னைத்தானே சுழல்வதால், அதன் முகத்தில் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது. மறு பாதி நம்மைவிட்டு விலகுகிறது. வரும் பாதியின் ஒளி சற்று நீலமாகவும், விலகும் பாதியின் ஒளி சற்றுச் சிவப்பாகவும் நகரும். கோளொன்று குறுக்கே செல்கையில் வரும் பாதியை முதலில் மறைத்தால், எஞ்சிய ஒளி சற்றே சிவக்கும். அடுத்த பாதியை மறைக்கும்போது நீலம் மிகும். இம்மாற்றம் வரும் வரிசையையும் அளவையும் கொண்டு, விண்மீனின் சுழற்சிக்கும் கோளின் பாதைக்கும் இடையேயுள்ள கோணத்தை, வானத்தில் நமக்குத் தோன்றும் அளவில் கணிக்கலாம்.

1924ஆம் ஆண்டு ரொசிட்டர், மக்லாக்லின் என்னும் இருவர் இரட்டை விண்மீன்களில் இவ்விளைவைக் காட்டினர். 2000ஆம் ஆண்டில் இது முதன்முறையாக வேற்றுச் சூரியனின் கோளொன்றில் அளக்கப்பட்டது. நம் சூரியனின் நடுக்கோட்டுக்கும் பூமியின் பாதைக்கும் இடையே உள்ள சாய்வு ஏறத்தாழ 7 பாகை மாத்திரமே. ஆகவே எங்கும் இவ்வாறே இருக்குமென எண்ணியோர் பலர். 2009ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது. விண்மீன் ஒரு திசையிற் சுழல, அதன் கோள் எதிர்த்திசையிற் சுற்றும் விந்தை வெளிப்பட்டது. அயலிலுள்ள பிறிதொரு பெருங்கோளோ விண்மீனோ நெடுங்காலம் இழுத்ததனால் பாதை புரண்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஒரு குடும்பத்தின் பழைய பிணக்கை அதன் சாய்வு இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது எனலாம்.

நம் நாட்டின் பெயர்களைத் தாங்கிய விண்மீனும் கோளும் உண்டென்பதை நேயர்களுட் பலர் அறியாதிருக்கலாம். சர்வதேச வானியல் ஒன்றியம் நாட்டுக்கொரு விண்மீனைப் பெயரிட அளித்தபோது, இலங்கை தனக்குக் கிடைத்த விண்மீனுக்குச் 'சாமய' என்றும், அதன் கோளுக்குச் 'சமகிய' என்றும் பெயர் சூட்டியது. சிங்களத்தில் முன்னது சமாதானம், பின்னது ஒற்றுமை. 2019 டிசம்பர் 17இல், கங்கண கிரகணத்துக்கு ஒன்பது நாள் முன்னர், இப்பெயர்கள் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 300 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சாமயவைச் சமகிய 280 நாளளவில் ஒருமுறை சுற்றுகிறது. விண்மீனின் மெல்லிய தள்ளாட்டத்தைக் கொண்டு கண்டறியப்பட்ட கோள் அது. விண்மீனின் முகத்தைக் கடப்பது காணப்பட்டாலன்றி, மேற்சொன்ன முறையால் அதன் சாய்வை அளக்க இயலாது.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வாழும் இந்நகரம், 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரின் வடுக்களைச் சுமந்தது. சமாதானமும் ஒற்றுமையும் இங்கே வெறும் பெயர்கள் அல்ல, அன்றாடத் தேவைகள். அவற்றை வானத்தில் எழுதியாயிற்று. அவை எவ்வளவு நேராக நிற்கின்றன என்பதை அளக்க வேண்டிய இடம் இந்த மண்.

திருகோணமலைக்குச் செல்வோர் ஓரிரவாவது தங்குதல் நன்று. கார்த்திகை மாதத்து மாலையில், இருள் சூழ்ந்த பின் தென்திசையை நோக்கினால் தென்மீன் மண்டலத்தின் ஒளிமிக்க விண்மீனைக் காணலாம். சாமய அம்மண்டலத்திலேயே இருக்கிறது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாது, சிறு தொலைநோக்கி போதும்.