மழைக்குக் காத்திருக்கும் ஊர்

கல்யாணமாகி இருபது ஆண்டைத் தாண்டிய தம்பதிகள் ஒரு நாளில் என்னதான் பேசிக்கொள்கிறார்கள்? எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். "பால் முடிஞ்சிருச்சு." "கரண்டு பில் கட்டியாச்சா?" "பிள்ளைய ஏத்த யார் போறது?" இந்த மூன்றிலேயே பாதி நாள் ஓடிவிடும். மீதியை வாட்ஸ்ஆப் பார்த்துக்கொள்ளும். அதில் அவரிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல்தான்.

பிள்ளைகள் இருக்கும்வரை இதெல்லாம் குறையாகவே தெரியாது. அவர்களைப் பற்றிப் பேசியே காலம் போய்விடும்.

அண்மையில் இளைய மகளைப் பினாங்கில் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பினோம். போகும்போது காடி நிறையப் பெட்டி, வாளி, மின்விசிறி, இரண்டு போத்தல் ஊறுகாய். வரும்போது நாங்கள் இருவர் மட்டும். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். அதைக் கடந்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை இல்லை. ஜூரு டோலில், "கார்டுல காசு இருக்கா?" என்றேன். "இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

தைப்பிங் அறிவிப்புப் பலகை தெரிந்ததும் அவராகப் பேசினார்.

"வீட்டுக்குப் போக அவசரம் ஒன்னும் இல்லையே?"

நான் பதில் சொல்வதற்குள் காடி நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிட்டது.

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே பறப்பவர்களில் பலருக்குத் தைப்பிங் என்பது ஒரு பலகைதான். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஈயத்தால் செழித்த இந்த ஊர் ஒரு காலத்தில் எல்லாரும் வந்து இறங்கிய ஊர். 1885இல் மலாயாவின் முதல் ரயில் பாதை இங்கிருந்துதான் போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, அதாவது இன்றைய கோல செப்பெத்தாங்குக்கு, போடப்பட்டது. 1937 வரை பேராவின் தலைநகரும் இதுவே. பிறகு அந்தப் பதவி ஈப்போவுக்குப் போனது. அதற்காக இந்த ஊர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஈயம் தோண்டி முடித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கியது. அதையே ஏரியாக்கிப் பூங்கா அமைத்துவிட்டார்கள்.

அந்த ஏரிப் பூங்காவில்தான் உட்கார்ந்தோம். கரையோரத்துப் பெரிய மரங்கள் சாலைக்கு மேலாகச் சாய்ந்து, கிளைகளால் தண்ணீரைத் தொடுகின்றன. மழைமரம் என்பார்கள். தமிழில் தூங்குமூஞ்சி மரம். பெயரைச் சொன்னதும், "என் சொந்தக்காரன்" என்றார். அன்று முதன்முதலாகச் சிரித்தோம்.

நாட்டில் மழை அதிகம் பெய்யும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்று. மேக்ஸ்வெல் மலை பின்னாலேயே நிற்கிறது. மேகம் அதில் மோதினால் இங்கே கொட்டும். இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று ஊர்க்காரர்கள் முன்பு பந்தயம் கட்டுவார்களாம். நாங்களும் கட்டினோம். அவர் நான்கு மணி, நான் ஐந்து மணி. தோற்றவர் பீசாங் கோரெங் வாங்க வேண்டும்.

மழைக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்போதுதான் பேச்சு வந்தது. பத்தொன்பது வயதில் தன்னை விடுதியில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிய தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "கோவமா போறாருன்னு நெனச்சேன். அவர் ஏன் திரும்பலைன்னு இன்னிக்குத்தான் புரியுது." இருபத்து மூன்று ஆண்டில் நான் கேட்டிராத கதை.

நாலு நாற்பதுக்கு மழை கொட்டியது. பந்தயம் எனக்குத்தான். குடிலில் ஒதுங்கி நின்றபோது கேட்டேன், "ஏங்க, வீட்டுக்குப் போக ஏன் மனசில்ல?"

கொஞ்ச நேரம் மழையையே பார்த்தார். "அவ ரூமத் தாண்டித்தானே நம்ம ரூமுக்குப் போகணும்."

என்னிடமும் அதற்கு மருந்தில்லை. "கதவத் தொறந்தே வச்சிடுவோம்" என்றேன். தலையாட்டினார்.

இதை வீட்டில் பேசியிருப்போமா? மாட்டோம். வீட்டில் பேச வாயெடுத்தால் துணி காயப்போட வேண்டும், அடுப்பில் ஏதாவது பொங்கும். மனம்விட்டுப் பேசச் சும்மா இருக்கும் நேரம் வேண்டும். அதற்குப் பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று போகத் தேவையில்லை. நாம் வேகமாகக் கடந்துபோகும் ஓர் ஊரில் ஒரு மாலைப்பொழுது போதும்.

அடுத்த முறை வடக்கே போகும்போது நீங்களும் தைப்பிங்கில் இறங்கிப் பாருங்கள். மறக்காமல் குடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும், இரண்டு வேண்டாம்.