கடைசிப் பந்தி

டயாலிசிஸுக்கு முன்பு பௌர்ணமிதோறும் அம்மா 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பார். டயாலிசிஸ் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வரவே திண்ணை திண்ணையாக உட்கார வேண்டியிருந்தது. எலும்புக்குள் வலிக்கிறது என்றார். இரவெல்லாம் உடம்பு அரித்தது. "மாதவிலக்கு நின்னா எலும்பு தேயத்தானே செய்யும்" என்றார் ஒரு மருத்துவர். அம்மா தலையாட்டினார். நானும்தான். பெண்ணின் வலிக்கு வயதைக் காரணம் சொன்னால் நாம் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை.

பிறகு பார்த்த மருத்துவர் ஒரு பெண். அவர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையின் பெயரே எங்களுக்குப் புதிது: பாராதைராய்டு ஹார்மோன். பொதுவாக 65க்குள் இருக்க வேண்டியது, அம்மாவுக்கு 900ஐத் தாண்டியிருந்தது.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி அளவில் நான்கு சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது அவற்றின் வேலை. சிறுநீரகம் பழுதானால் உணவிலிருந்து வரும் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்குகிறது. வைட்டமின் டியைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலையும் தடைப்படுகிறது. கால்சியம் குறைகிறது. உடனே அந்தச் சுரப்பிகள் ஓயாமல் ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கின்றன. வருமானம் நின்ற வீட்டில் தாலிக்கொடியை அடகு வைத்துக் குடும்பம் நடத்துவது மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை அம்மா ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வேளைகூடத் தவறியதில்லை. மருத்துவர் மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாப்பாட்டோட போடறீங்களாம்மா?"

"ஆமா டாக்டரம்மா. எல்லாரும் சாப்புடறப்ப போட்டுக்கறேன்."

"நீங்க எப்ப சாப்புடுவீங்க?"

அம்மா என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

இரவு எட்டரைக்கு அப்பாவும் நானும் என் மகனும் சாப்பிட உட்காருவோம். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டுத் தோசை வார்ப்பார். எல்லாம் முடிந்து, அடுப்பைத் துடைத்து, மிச்சமிருப்பதை அவர் சாப்பிடும்போது பத்தரை ஆகும். அந்த மாத்திரை குடலில் உணவோடு கலந்து, அதிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற வேண்டியது. வெறும் வயிற்றில் அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. நாங்கள் சாப்பிட்ட நேரத்துக்கு அம்மா மருந்து சாப்பிட்டிருக்கிறார்.

நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். அடுக்களையைப் பற்றிக் கவிதை எழுதியவள். வகுப்பில் பெண்ணியம் நடத்துகிறவள். அந்தத் தோசைகளைச் சூடாகச் சாப்பிட்டவளும் நான்தான்.

"உங்கப்பா சாப்புடாம நான் எப்படிடி தட்டுல கை வெப்பேன்?" என்றார் அம்மா. அவரை எங்களோடு உட்காரவைக்க மூன்று வாரம் ஆனது. அப்பா தனக்குத் தானே சோறு போட்டுக்கொள்ளக் கற்றது எழுபத்திரண்டாம் வயதில். சுரப்பிகளை அடக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்தார். பாஸ்பேட் சேர்த்துப் பதப்படுத்திய பாக்கெட் தீனிகளையும் குளிர்பானங்களையும் நிறுத்தச் சொன்னார். ஆறு மாதத்தில் ஹார்மோன் 540க்கு இறங்கியது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அது ஏற்கத்தக்க அளவுதான். எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அரிப்பு குறைந்து அம்மா தூங்குகிறார். இழந்த எலும்பு முழுதாகத் திரும்புமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச்செடுத்தபோது "எனக்கெதுக்கு இந்த வயசுல" என்றார் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருப்போமா? இந்தியாவில் 1995 முதல் 2021 வரை உறுப்பு மாற்று சிகிச்சை பெற்ற 36,640 பேரில் பெண்கள் 6,945 பேர்தான். உயிரோடிருந்து உறுப்பு கொடுப்பவர்களிலோ பெண்களே அதிகம். அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் கூடமும் இருக்கிறது. அம்மா சொன்னதை உடனே ஒப்புக்கொண்ட என் மௌனமும் இருக்கிறது. அந்தப் பேச்சை இப்போது மறுபடி எடுத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுடன்' என்று எழுதியிருந்தால், மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள். அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று பாருங்கள்.