பின்பக்கம் திறந்த பெட்டி

கிதார் ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வது பற்றிய யூட்யூப் காணொளிகள் பெரும்பாலும் பால்டிக் பிர்ச் ப்ளைவுட்டில்தான் தொடங்குகின்றன. முத்தியால்பேட்டை மரக்கடையில் அதைக் கேட்டேன். "மெரைன் ப்ளை இருக்கு, வேணுமா?" என்றார்கள். அத்தோடு காணொளி பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும் என்னுடையவை அல்ல. நண்பனின் பெரியப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம், வெளியூர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். எண்பதுகளில் ஊர் திரும்பும்போது ஒரு கிதாரும் சின்ன வால்வு ஆம்ப்பும் கொண்டுவந்தார். கரண்ட் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அது அப்படியே ஓடியது. போனது பெட்டிதான். மரத்தூள் பலகை. கடல் காற்றில் ஊறி உப்பி, கை வைத்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டு ஜூலையில் லியோனில் இருக்கும் மகளிடம் போகிறார். "பெட்டிய தூக்கிப் போட்டுட்டு மெஷின நீ வச்சிக்கோ தம்பி" என்றார். கிதாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது ஹாலில், உறைக்குள், டீவிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

ஜூன் 21-க்குள் முடிக்க வேண்டும் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். பிரான்சில் 1982-ல் தொடங்கிய இசைத் திருநாள் அது. புதுச்சேரியிலும் அன்று அங்கங்கே யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவரும் ஒருமுறை வாசித்துவிட்டுப் போகட்டுமே.

மல்டிமீட்டரில் ஸ்பீக்கர் ஆறரை ஓம் காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும், அதனால் காயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். எனவே பெட்டி வரும்வரை அதை யாரும் ஆன் செய்யக் கூடாது என்று பிளக்கில் டேப் சுற்றி வைத்தேன்.

ஆசாரி கேட்ட முதல் கேள்வி: "பின்னாடி கதவு உண்டா சார்?" இல்லை என்றேன். "அப்போ அது பெட்டியே இல்லியே." நியாயம்தான். பெட்டி எதற்கு என்று அவருக்குச் சொல்லப் போய்த்தான் எனக்கே தெளிவானது. ஸ்பீக்கர் காகிதம் முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. வெறும் ஸ்பீக்கரை மேஜையில் வைத்து வாசித்தால் பின்பக்க அலை சுற்றிவந்து முன்பக்க அலையைத் தின்றுவிடும். முக்கியமாகக் கீழ் ஸ்தாயியை. குளவி மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் வேண்டும், பெட்டி என்பது மடித்த சுவர். பின்பக்கம் அடைத்தால் அடி வயிற்றில் இடிக்கும். திறந்துவிட்டால் கொஞ்சம் கனம் குறையும், ஆனால் பின்சுவரில் பட்டு அறை முழுக்கப் பரவும். பழையதும் பின்பக்கம் திறந்ததுதான்.

மரம் விஷயத்தில்தான் சண்டை. சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம், இறக்குமதிச் சரக்கோடு வந்த பைன் பலகைகளைப் பிரித்து விற்கிறார்கள். அதை வாங்கி வந்தேன். ஆசாரி காலம் பூரா பர்மா தேக்குக் கதவு இழைத்தவர், பலகையைக் காலால் தள்ளினார். "வீணைக்கு பலா, மிருதங்கத்துக்கு பலா. பண்ருட்டி என்ன தூரமா? இதுக்குப் போயி பேக்கிங் கட்டையா?"

அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. பாட்டு கேட்கும் ஸ்பீக்கரின் பெட்டி வாயைத் திறக்கக் கூடாது, கனமாக, ஊமையாக இருக்க வேண்டும். கிதார் பெட்டி அப்படி இல்லை, பாதி வாத்தியம். கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ஐம்பதுகளில் தன் ஆம்ப்களை முழுப் பைன் பலகையில், மூலைகளில் விரல் கோத்த மாதிரி பல் வெட்டிச் சேர்த்துச் செய்தார். மலிவு, எடை குறைவு, அறுக்க சுலபம். அந்த மலிவு மரத்தின் அதிர்வைத்தான் இன்று பணம் கொடுத்துத் தேடுகிறார்கள். பலாவில் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

மூலை கோப்பது என்றதும் ஆசாரி சமாதானமானார். ஒரு ஆணி இல்லாமல் நாலு மூலையும் கோத்தார். முன்பலகைக்கு 12 மில்லிமீட்டர் ப்ளை. 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஓட்டை 12 அங்குலம் இல்லை, 283 மில்லிமீட்டர். "கம்மியா இருக்கே" என்று இரண்டு முறை அளந்தார். மேலே ஒட்ட, ஆட்டோ சீட் தைக்கிற கடையில் கறுப்பு ரெக்ஸின். சொன்னால் நம்ப மாட்டீர்கள், வெளிநாட்டு ஆம்ப்களின் தோலும் கிட்டத்தட்ட இதே சாமான்தான்.

பொருத்திய பிறகு ஒயர் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் காட்டினேன். காகிதம் 'டப்' என்று முன்னால் குதித்தது. மாற்றித் தொட்டால் உள்ளே போனது. ஆசாரி பேட்டரியை வாங்கி, பத்துப் பதினைந்து முறை தொட்டுப் பார்த்தார்.

ஜூன் 21 மாலை. பெரியப்பா உறையைப் பிரித்தார், புதுக் கம்பி நான் போட்டிருந்தேன். வால்வு சூடாக அரை நிமிடம் ஆனது. விரல்கள் முதலில் இடறின, பிறகு ஏதோ ஒரு மெதுவான பிரெஞ்சு மெட்டு வந்தது. மெட்ராஸ் ஒட்டுக் கூரை வரை போய்த் திரும்பியது.

"டீவில பேசறது ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது" என்றார். "இது கேக்குது."

அதற்குக் காரணம் உண்டு. வயதான காது முதலில் இழப்பது உச்சத்தைத்தான், பேச்சில் ச, ஸ, த எல்லாம் தெளிவது அங்கேதான். கிதார் ஸ்பீக்கரோ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் அனுப்புவதே இல்லை. அவரிடம் மிச்சமிருந்த காதும் இந்தக் காகிதமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. இதை அவரிடம் சொல்லவில்லை.

ஆசாரி பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "இங்க நின்னாத்தான் சார் நல்லா இருக்கு" என்றார்.

வாசித்து முடித்தவர் கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது எத்தன கிலோ இருக்கும்?"

"பதினேழு இருக்கும் பெரியப்பா."

"ஃப்ளைட்ல எத்தன விடறான்?"

"இருபத்திமூணு" என்றேன்.