எட்டி நின்று ஏற்றிய தீ

பென்னலூரில் நான் பள்ளி மாணவனாய் இருந்த நாளில் நிகழ்ந்த ஒன்று இன்றளவும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. தீபாவளி இரவொன்றில் என் சிற்றப்பா மகன் வாணம் கொளுத்தினான். திரி அணைந்துவிட்டதெனக் கருதிக் குனிந்து பார்த்தான். அதுவோ உள்ளே கனன்று கொண்டிருந்தது. அன்று அவன் வலக்கண் ஒளியிழந்தது.

மறு ஆண்டு எங்கள் அறிவியல் ஆசிரியர் மாதிரி ஏவூர்தி ஒன்றை ஏவிக்காட்ட முனைந்தபோது, என் தந்தையார் என்னை அனுப்ப மறுத்தார். ஆசிரியர் வீடு தேடி வந்து, "ஐயா, இதில் எவர் கையும் தீயருகே செல்லாது" என்று உறுதி கூறிய பின்னரே இசைந்தார்.

அவர் காட்டிய வழி, மின்சாரத்தால் பற்றவைப்பது. மெல்லிய நிக்ரோம் கம்பித் துண்டே எங்கள் பற்றவைப்பான். நிக்கலும் குரோமியமும் கலந்த அக்கம்பி மின்னோட்டத்துக்குத் தடையாகி, அத்தடையாலேயே செந்தணலாகும். முதலில் டார்ச் விளக்கின் பழைய மின்கலங்களை இணைத்தோம். கம்பி வெதுவெதுப்பானதேயன்றிச் சிவக்கவில்லை. "வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப வளரும். இச்சிறு கலங்கள் அவ்வளவு மின்னோட்டம் தரா" என்றார் ஆசிரியர். மோட்டார் சைக்கிள் பேட்டரியை இணைத்ததும் கம்பி நொடியில் சிவந்தது.

எங்கள் பகுதிக்கு ஏவூர்தி புதிதன்று. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், ஐதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் படையை வென்ற போரில் மைசூர் ஏவுகணைகள் சீறின. அவற்றின் திரியை வீரர்கள் அருகில் நின்றே கொளுத்த வேண்டியிருந்தது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நைக்கி அப்பாச்சி ஏவூர்தி விண்ணில் எழுந்தபோது, இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் ஏற்றிருந்த பொறுப்பு, ஏவூர்தியின் பாகங்களை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும். ஏவூர்தியின் வரலாறு உயரப் பறந்த வரலாறு மட்டுமன்று. மனிதன் எட்டி நிற்கக் கற்ற வரலாறும் ஆகும்.

ஏவும் நாள் வந்தது. பொட்டலில் அனைவரையும் தொலைவில் நிறுத்தி, ஆசிரியர் சாவியைப் பொருத்தினார். நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நிகழவில்லை. என் கால்கள் தாமே முன்னோக்கி ஓடத் துடித்தன. ஆசிரியர் என் தோளைப் பற்றினார். சாவியை உருவித் தம் சட்டைப் பையில் இட்டார். "அறுபது எண்ணு" என்றார். எண்ணினேன். கண்ணிழந்த தம்பியும் என்னருகே நின்று எண்ணினான். அறுபதும் முடிந்தது, அப்போதும் ஒன்றும் நிகழவில்லை. ஆசிரியர் மட்டும் சென்று பார்த்தார். கவ்வி ஒன்று கழன்றிருந்தது. அதனைச் சரிசெய்து மீண்டும் அழுத்தியபோது ஏவூர்தி எழுந்தது. தம்பி தலை நிமிர்த்தி அதனையே நோக்கியிருந்தான்.

அந்த அறுபது நொடிகள் வீண் என்று அன்று எண்ணினேன். இன்று இத்தொழிற்சாலைப் பகுதியில் பணியாற்றுகிறேன். இயந்திரம் பழுதுபார்க்கப் புகுபவர், மின்னோட்டத்தைத் துண்டித்துத் தம் பூட்டை இட்டு, சாவியைத் தம்மிடமே வைத்திருப்பது இங்கு முறை. அவசரம் எனக் கூறிப் பூட்டாமல் கை நீட்டும் இளைஞரைக் காணும்போதெல்லாம், என் தோளில் ஒரு கை பதிவதை உணர்கிறேன். உடனே சென்று அவர் தோளைப் பற்றுகிறேன்.