குனிய இடமுள்ள ஆட்டம்

வியாசர்பாடிப் பக்கம், ஒரு மைதானத்தை ஒட்டிய தகர ஷெட்டில் பாக்ஸிங் சொல்லித்தரும் மாஸ்டருக்கு வலது தோள் முழுசாக மேலே எழாது. தலை வாருவதற்கு இடது கைதான். ஆடிய காலத்தில் வாங்கிய அடியால் வந்த வினை அல்ல இது. பையன்கள் குத்திப் பழக பேட் பிடித்துப் பிடித்து வந்தது. சாயங்காலம் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு ரவுண்டு, ரவுண்டுக்கு மூன்று நிமிடம். ஒவ்வொரு குத்தும் பேடில் விழுந்து, முழங்கை வழியாக ஏறி, அவர் தோளில் போய் உட்காருகிறது. ரிங்கில் ஏறுகிறவன் வருஷத்தில் சில நாள் அடி வாங்குவான். பேட் பிடிக்கிறவருக்கு ஞாயிறு தவிர எல்லா நாளும்தான்.

“பேட அப்பிடியே காட்டிக்கினு நிக்கக் கூடாது சார். அவன் குத்து வரும்போது நாமளும் ரெண்டு விரக்கடை முன்னால போய் வாங்கணும். அப்பதான் சத்தம் வரும். சத்தம் வந்தாதான் பையனுக்குத் தெகிரியம் வரும்” என்றார். பயிற்சியின் பாதி அந்தச் சத்தத்தில்தான் நடக்கிறது. சரியாக விழுந்த குத்துக்கு ஒரு சத்தம், மணிக்கட்டு மடங்கி விழுந்த குத்துக்கு வேறு. முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் பேசும்போதே, பின்னால் பேக் குத்திக்கொண்டிருந்தவனிடம், “டேய், மணிக்கட்ட மடக்காத” என்று குரல் கொடுத்தார்.

குத்துவதற்கு முன்னால் கை கட்டும் வேலை இருக்கிறது. சுமார் நாலரை மீட்டர் பேண்டேஜ். கட்டை விரலில் கண்ணி மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் முட்டிகளுக்கு மேலே மெத்தை போல அடுக்கி, விரல் இடுக்குகளில் இழுத்து, மறுபடி மணிக்கட்டில் முடிப்பார்கள். சின்னப் பையன்களுக்குப் பெரிய பையன்கள் கட்டிவிடுகிறார்கள். கட்டும்போது விரல்களை விரித்து வைக்கவேண்டும்; மூடிக்கொண்டு கட்டினால் பிறகு முஷ்டி மடங்காது, ரத்தம் ஓடாது. வியர்வையில் ஊறிய கிளவுஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வெயிலில் வைத்திருந்தார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

என்னை அதிக நேரம் நிற்கவைத்தது ஒரு கயிறு. ஷெட்டின் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குத் தோள் உயரத்தில் கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி, குனிந்து அந்தப் பக்கம் ஒரு அடி என்று அதன் நீளத்துக்கும் போய்த் திரும்பவேண்டும். இடுப்பை வளைத்தால் திட்டு விழும்; முட்டி மடங்கவேண்டும், பார்வை எதிராளியை விட்டு இறங்கக் கூடாது. பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் அதைச் செய்தபோது தலை கயிற்றின் அடியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எதிரில் நிற்பவரின் கையைப் பார்ப்பாயா, கண்ணைப் பார்ப்பாயா என்று கேட்டேன். “ரெண்டும் இல்லண்ணா. நெஞ்சுக்கிட்ட பாப்பேன். கை வர்றதுக்கு முன்னாடி தோள் சொல்லிரும்” என்றாள்.

கலப்புத் தற்காப்புக் கலை என்று செய்தித்தாள் எழுதும், பையன்கள் எம்.எம்.ஏ. என்று சொல்லும் ஆட்டத்துக்கு நகரத்தின் தென்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கும் போயிருந்தேன். ஏசி, தரை முழுக்க மேட், ஒரு பக்கம் கம்பிவலைச் சுவர். பழகுகிறவர்களில் பலர் ஐ.டி. ஆட்கள். மாதக் கட்டணத்தைக் கேட்டபோது வியாசர்பாடி ஷெட்டின் ஞாபகம் வந்தது. அங்கே கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள்.

ஏளனம் செய்யும் எண்ணத்தோடு போனவனை மேட்டில் நடந்த ஜூஜிட்சு உட்காரவைத்துவிட்டது. இரண்டு பேர் தரையில் பின்னிக் கிடக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. பயிற்சியாளர் பக்கத்தில் மண்டியிட்டு விளக்கினார்: கீழே இருப்பவன் தன் இடுப்பை ஒரு சாண் நகர்த்தியிருக்கிறான், அதனால் மேலே இருப்பவனின் முழங்கை ஆதரவில்லாமல் நிற்கிறது. அடுத்த நிமிடம் அந்த முழங்கைதான் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டவன், போதும் என்பதற்கு, மேட்டை இரண்டு தட்டுத் தட்டினான். பிடி விட்டது. இருவரும் எழுந்து கை கொடுத்துக்கொண்டார்கள்.

அந்தத் தட்டல் பாக்ஸிங்கில் இல்லை. குத்துச்சண்டைக்காரன் தானாக நிறுத்திக்கொண்டால் காலத்துக்கும் பேச்சு வாங்குவான். அவனுக்காக நடுவர் நிறுத்தவேண்டும், அல்லது அவன் மூலையிலிருந்து துண்டு பறக்கவேண்டும். விழுந்து எழுந்தவனுக்கு எட்டு வரை எண்ணி, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி அடி வாங்க அனுப்புகிற விதி வேறு. மண்டையில் திரும்பத் திரும்ப வாங்கும் அடி மூளையை என்ன செய்யும் என்று அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். பெரிய கிளவுஸ் காப்பாற்றுவது பெரும்பாலும் அடிக்கிறவனின் விரல் எலும்பை. நான் பாக்ஸிங் கட்சிதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எம்.எம்.ஏ.காரர்களிடம் எனக்குப் பதில் கிடையாது.

இரண்டில் எது பெரிது என்பதைச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. 2010 ஆகஸ்டில் பாஸ்டனில், பல எடைப் பிரிவுகளில் பட்டம் வென்ற பாக்ஸர் ஜேம்ஸ் டோனி, எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் யு.எஃப்.சி.யின் கூண்டுக்குள் போனார். எம்.எம்.ஏ. வீரர் ராண்டி கூட்டூர் சில விநாடிகளில் அவர் காலை வாரித் தரையில் தள்ளி, முதல் ரவுண்டிலேயே கழுத்தைப் பிடித்து முடித்தார். 2017 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் யு.எஃப்.சி. சாம்பியன் கானர் மெக்ரெகர் பாக்ஸிங் விதிகளின்படி ஃப்ளாய்ட் மேவெதரோடு மோதினார். முதல் சில ரவுண்டு தாக்குப்பிடித்தவர் பத்தாவதில் நிற்க முடியாமல் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அவரவர் வீட்டில் அவரவர் ராஜா என்று இதை முடித்துவிடலாம். எனக்கு ஆர்வம் வேறு இடத்தில்.

தெருவில் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்ற கேள்விக்கு எம்.எம்.ஏ. நேர்மையாகப் பதில் தேடுகிறது. 1993-ல் டென்வரில் முதல் யு.எஃப்.சி. போட்டி நடந்ததே அதற்காகத்தான்; கராத்தே, சுமோ, பாக்ஸிங் என்று எல்லோரையும் கூண்டில் விட்டுப் பார்த்தார்கள். பாக்ஸிங் அந்தக் கேள்வியை என்றோ கைவிட்டது. 1867-ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கிளவுஸைக் கட்டாயமாக்கின, மூன்று நிமிட ரவுண்டைக் கொண்டுவந்தன, கட்டிப் புரள்வதைத் தடுத்தன. உதை கிடையாது, முட்டி கிடையாது, இடுப்புக்குக் கீழே கிடையாது. இவ்வளவையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சியது இரண்டு முஷ்டியும் இரண்டு பாதமும். மனிதர்கள் நூற்றைம்பது வருஷமாக அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் தலை கயிற்றடியில் அப்படிப் போவது இதனால்தான். கூண்டுக்குள் அப்படிக் குனிந்தால் முகத்துக்கு நேரே முட்டி வரும். பாக்ஸிங்கின் மிக அழகான அசைவு பாக்ஸிங் விதிகளுக்குள் மட்டுமே உயிரோடு இருக்க முடியும். இதைக் குறை என்கிறார்கள் என் நண்பர்கள். எனக்கு இதுதான் அதன் கவர்ச்சி.

வடசென்னையில் இதை யாருக்கும் வாதாடிப் புரியவைக்கவேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தைச் சுற்றி வேர்விட்டு, சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகப் பிரிந்து வளர்ந்தது இந்த ஆட்டம். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதைப் பெரியவர்கள் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். அன்று அரங்கில் இருந்ததாகச் சொல்பவர்கள் எல்லோரையும் அந்த அரங்கு கொண்டிருக்க முடியுமா என்பது வேறு. 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய தேவராஜன் இந்தச் சென்னைக்காரர். 2021-ல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்த பிறகு ஷெட்டில் கூட்டம் சேர்ந்ததாம். “ஒரு மாசம். அப்பால பாதிப் பேரு காணோம்” என்றார் மாஸ்டர். நின்றவர்களை நிற்கவைத்தது சினிமா அல்ல, ரயில்வேயிலும் போலீஸிலும் ராணுவத்திலும் உள்ள விளையாட்டு ஒதுக்கீடு. ஒலிம்பிக்ஸில் இருக்கிற ஆட்டம் என்பதால் திறந்திருக்கிற வாசல் அது. எம்.எம்.ஏ. பக்கம் பார்த்தால், பூஜா தோமர் 2024-ல் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் ஆனார். பெருமைதான், ஆனால் அதைக் காட்டி ஒரு பிள்ளையின் தாயாரைச் சம்மதிக்கவைக்க முடியாது.

கடைசியாகப் போன சாயங்காலம் ஷெட்டில் ஒரு புதுமுகம். கூண்டுச் சண்டைக்குத் தயாராகிறவன், கை வேலை சரியில்லை என்று மாஸ்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள். வந்து நின்ற நிலையிலேயே வித்தியாசம் தெரிந்தது: கால்கள் அகன்று, மார்பு நேராக, காலை வார வந்தால் உடனே இடுப்பைப் பின்னுக்குத் தள்ளத் தோதாக. நம் பையன்கள் ஒருக்களித்து, முன்காலில் பாரம் போட்டு நிற்பார்கள். அந்த முன்கால்தான் கூண்டில் முதலில் உதை வாங்கும். மாஸ்டர் அவனை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். நிலையைத் தொடவில்லை. ஜாப் மட்டும் குத்தச் சொன்னார். கை போன வேகத்தில் திரும்பவில்லை என்று திரும்பத் திரும்ப அதையே வாங்கினார்.

ரவுண்டு முடிந்ததும் அவன் கயிற்றைக் காட்டி, “அத எப்ப மாஸ்டர் கத்துக்குடுப்பீங்க?” என்றான்.

“அது ஒனக்கு வாணாம்பா. பழகிட்டீன்னா அங்க போய் ஒன்ன அறியாம குனிவ. மூஞ்சி ஒடஞ்சிரும்.”

அவனுக்கு மனசு ஆறவில்லை. தூணோரம் உட்கார்ந்து பேண்டேஜைச் சுருட்டிக்கொண்டே, கயிற்றடியில் போய்வந்த அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் இடது கையால் தோளைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, “அடுத்து யாருடா?” என்றார். வரிசையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள்.