இரண்டாம் கண்

இதழியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் நிருபர். என் ஆசை அவர்மேல் சென்றதில்லை. இரவு பத்து மணிக்கு மேல், அவர் அனுப்பிய செய்தியை முன்னே வைத்துக்கொண்டு, "இறந்தவரின் வயது முதல் பத்தியில் 42, மூன்றாம் பத்தியில் 45. எது சரி?" என்று தொலைபேசியில் கேட்கிறாரே, அந்தத் துணையாசிரியராக வேண்டும் என்றே விரும்பினேன். பெயர் அச்சேறாத வேலை அது. 1904-இல் சுதேசமித்திரனில் பாரதி ஏற்றதும் துணையாசிரியர் பணியே. ஜி. சுப்பிரமணிய ஐயரின் கீழ் அமர்ந்து, ஆங்கிலத்தில் வந்தவற்றை நாள்தோறும் தமிழாக்கித் தந்தார். நம் உரைநடை அத்தகைய மேசைகளில்தான் நடை பழகியது என்பது என் எண்ணம்.

2016-இல் தென்மாவட்ட நாளிதழ்ப் பதிப்பு ஒன்றில் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. தொலைவிலுள்ள ஊர்களுக்கான பதிப்பை முதலில் முடித்து வண்டியேற்ற வேண்டும். நகரப் பதிப்பு கடைசியில். இடைப்பட்ட நேரத்தில் ஒரு செய்தி நிருபர், துணையாசிரியர், தலைமைத் துணையாசிரியர், மெய்ப்புத் திருத்துநர் என நால்வரைக் கடந்தாக வேண்டும். நால்வரும் அதை ஐயுறுவார்கள். "பொதுமக்கள் சாலை மறியல்" என்று எழுதினால், எங்கள் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனை பேர்?" என்பார். தெரியாதென்றால் செய்தி காத்திருக்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே நான் கவனமாக எழுதக் கற்றேன். இவ்வளவு பேர் கூடி ஒரு வரியைச் சரிபார்க்கும் வேறொரு தொழிலை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த நால்வரின் ஊதியத்தை வாசகர் அன்று தந்த ஐந்து ரூபாயோ ஆறு ரூபாயோ ஈட்டித் தரவில்லை. தாளின் விலைக்கே அது போதவில்லை. மணமகள் தேவை, வீட்டுமனை விற்பனை, ஆட்கள் தேவை என்ற வரி விளம்பரங்களும் துணிக்கடை, நகைக்கடைகளின் முழுப்பக்கங்களுமே நாளிதழைத் தாங்கி நின்றன. வரி விளம்பரங்கள் ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் குடிபெயர்ந்தன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கடைகள் அடைபட்டன. தாளைத் தொட்டால் நோய் தொற்றும் என்று அஞ்சிப் பல வீடுகளில் நாளிதழையே நிறுத்தினார்கள். எங்கள் பதிப்பில் பக்கங்கள் பாதியாயின. முதலில் மெய்ப்புத் திருத்துநர்கள் சென்றார்கள், பிறகு நாங்கள். நிறுவனத்தை நொந்து பயனில்லை. கணக்கு அப்படி.

இரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன். விண்ணப்பங்களுக்குப் பதில் வரவில்லை. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி இறக்குமதித் தாளின் விலை மேலும் ஏறியது. அதே மார்ச்சில் இலங்கையில் தாள் கிடைக்காமல் நாளிதழ்கள் அச்சை நிறுத்த நேர்ந்த செய்தியையும் படித்தேன். அவ்வாண்டே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். அம்மாவுக்கு நிம்மதி. "இனிமேலாவது ராத்திரி உறங்குவ" என்றார்.

யூடியூபில் ஓர் அலைவரிசை தொடங்கலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தொடங்கலாம், திறமையாக நடத்துவோரும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே எழுதுபவரும் நானே, திருத்துபவரும் நானே, முகம் காட்டுபவரும் நானே. என்னை ஐயுற எவருமில்லை. நான் இழந்தது நாற்காலியை மட்டுமெனில் வேறொன்றைத் தேடிக்கொண்டிருப்பேன். அந்த மூவரை எங்கே தேடுவது?

பணிக்காலத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். ஊர்ப் பெயர்களின் சரியான எழுத்து, எந்த ஊர் எந்த வட்டத்தில் சேரும், 'கைது' எப்போது, 'விசாரணை' எப்போது என்பவையெல்லாம் அதில் இருந்தன. கடன் சங்கத்தில் சேர்ந்த வாரத்தில் அதை உடன் பணியாற்றிய இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். இணையச் செய்தித்தளம் ஒன்றில் தனியாளாக இரவுப்பணி பார்க்கிறாள். சில இரவுகளில் பத்து மணிக்கு மேல் அழைப்பு வரும். "அண்ணே, ஒரு வரி வாசிக்கிறேன், கேளுங்க" என்பாள். கேட்டுவிட்டு, "எத்தனை பேர்?" என்பேன்.